கல் காக்கும் கரை

யப்பான் நாட்டைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவோர் பெரும்பாலும் ஒரே விதமான கதைகளையே கொண்டு வருவர். பூஜி மலையின் பனிமுடி, கியோத்தோ நகரின் பழங் கோயில்கள், நாரா நகரில் மனிதர் கையிலிருந்தே தின்பண்டம் வாங்கி உண்ணும் மான்கள், அம்பெனப் பாயும் புகையிரதம் என அக்கதைகள் நீளும். அவற்றையெல்லாம் நாமும் கண்டோம், கண்டு வியந்தோம். ஆயினும் இன்று வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது அவற்றுள் ஒன்றையும் பற்றியன்று. ஒரு விடுதியும் இல்லாத, ஒரு தேநீர்க்கடையும் இல்லாத, ஒரு வீடுதானும் இல்லாத கற்கரை ஒன்றைப் பற்றியே சொல்ல விரும்புகின்றோம். அக்கரையின் பெயர் அனேயோசி.

வரைபடத்தில் அதைத் தேடுவோர், யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்சுவின் வடகிழக்குக் கரையில், இவாத்தே மாகாணத்தைக் காண வேண்டும். அங்கே மியாக்கோ என்னும் சிறு துறைமுக நகர் உண்டு. அந்நகருக்குத் தென்கிழக்கே, கைமுட்டியை நீட்டியதுபோலப் பசிபிக் சமுத்திரத்துள் புடைத்து நிற்கிறது ஒமொயே குடாநாடு. ஹொன்சுத் தீவின் கீழ்க்கோடி முனை இக்குடாநாட்டிலேயே உள்ளது. அம்முனைக்குச் செல்லும் வழியில், இரு மலைகளுக்கிடையே ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கின் வாயிலில், மறைந்து கிடக்கிறது அனேயோசிக் கரை.

இத்தனை அழகிய கரை ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது? இக்கேள்விக்குரிய விடையைத் தேடியே எமது பயணம் அமைந்தது என்றால் அது மிகையாகாது.

வழிப்பயணம்

தோக்கியோவிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் ஏறி வடக்கு நோக்கிச் சென்றோம். செண்டாய் நகரில் எம் நண்பர் ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார். அவர் முல்லைத்தீவுப் பகுதியின் கடலோரக் கிராமம் ஒன்றிற் பிறந்தவர். இப்போது செண்டாயிற் பணிபுரிகிறார். யப்பானிய மொழியை அந்நாட்டார் போலவே பேசுவார். எம்மினும் வயதில் இளையவராதலின் எம்மை ‘அண்ணை’ என்றே அழைப்பார். 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் நாள் அவர் தம் தங்கையை இழந்தவர் என்பதை நாம் முன்னரே அறிவோம். அதன் பின்னர் அவர் கடலிற் கால் நனைத்ததில்லை என்பதை அறிந்தோமில்லை. அறிந்திருப்பின் இப்பயணத்துக்கு அவரைத் துணைக்கு அழைத்திருக்கவும் மாட்டோம்.

மொரியோக்கா நகரில் இறங்கி, மலைகளை ஊடறுத்துச் செல்லும் சிறிய புகையிரதத்துக்கு மாறினோம். கித்தாக்காமி மலைத்தொடரின் வழியே, ஹெயி என்னும் ஆற்றைத் தொட்டும் விட்டும் அவ்வண்டி மெல்ல ஊர்ந்தது. அது வசந்த காலம். எம் நாட்டிற் சித்திரை வெயில் தகிக்கும் அதே நாள்களில், அங்கே மலைச்சரிவின் நிழல்களிற் பனி இன்னும் வெண்திட்டுகளாய் எஞ்சியிருந்தது. சேரி மரங்கள் பூத்து உதிரத் தொடங்கியிருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய வண்டி எம்மை மியாக்கோவில் இறக்கிவிட்டது.

மியாக்கோவுக்கு வருவோர் யாவரும் முதலில் ஜோதோகஹாமா என்னும் கரைக்கே செல்வர். அப்பெயருக்குத் ‘தூய உலகின் கரை’ என்பது பொருள். பௌத்தர் கூறும் மேலுலகத்தை அது குறிக்கும். கூரிய வெண்பாறைகள் வரிசையாய் நிற்க, அவற்றின் தலையிற் பச்சைப் பைன் மரங்கள் வளர்ந்திருக்க, உள்ளே நீர் கண்ணாடிபோற் கிடக்கும். அதற்குப் படகுண்டு, கடையுண்டு, கூட்டமுமுண்டு. நாமும் அங்கு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தோம். மறுநாட் காலை வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஒமொயே குடாநாட்டை நோக்கிப் புறப்பட்டோம்.

நகர் பின்தங்கியதும் பாதை ஒடுங்கிற்று. ஒருபுறம் மலை, மறுபுறம் ஆழத்திற் கடல். ஒவ்வொரு வளைவிலும் கடல் தோன்றும். அடுத்த வளைவில் மரங்கள் அதை மறைத்துவிடும். சன்ரிக்கு எனப்படும் இந்நெடுங்கரையின் தென்பகுதி முழுவதும் இவ்வாறே அமைந்துள்ளது. முன்னொரு காலத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகளிற் கடல் புகுந்துவிட்டதனால், கரையானது விரல் விரித்த கைபோலப் பல குடாக்களாய்ப் பிளவுபட்டுக் கிடக்கிறது. கரைக்கு அப்பால் வடக்கிலிருந்து வரும் ஒயாசியோ என்னும் குளிர்நீரோட்டமும், தெற்கிலிருந்து வரும் குரோசியோ என்னும் வெந்நீரோட்டமும் சந்திக்கின்றன. அதனால் மீன்வளம் மிகுதி. ‘இவ்வளவு வளமான கடல் எங்கும் இல்லை’ என்று இங்குள்ளோர் பெருமைப்படுவதிற் காரணமுண்டு.

கடலாச்சி

அனேயோசி என்னும் ஊர் கரையில் இல்லை. கரையிலிருந்து ஏறிவரும் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில், மரங்களின் நடுவே, பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டுமே கொண்ட சிற்றூர் அது. வீட்டு முற்றங்களில் மீன்வலைகளும், மிதப்புக் குண்டுகளும், கயிற்றுச் சுருள்களும் குவிந்து கிடந்தன. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை; அதன் ஓசையும் கேட்கவில்லை. கடற்றொழிலாளரின் ஊர் ஒன்று கடலைக் காணாத இடத்தில் இருப்பது எமக்குப் பெரும் புதுமையாய்த் தோன்றியது. எம் கரையோர ஊர்களில் வாடியின் வாசலிலேயே அலை வந்து நிற்குமன்றோ!

ஒரு வீட்டின் முன் முதியவள் ஒருத்தி பெரிய பானையில் நீரைக் கொதிக்க வைத்திருந்தாள். பக்கத்துக் கூடையில் பழுப்பு நிறக் கடற்பாசி நீண்ட நாடாக்களாய்க் கிடந்தது. வகமே என்பது அதன் பெயர். வசந்தத்தில் அறுவடையாகும் இப்பாசியும், கொம்பு என்னும் வேறொரு பாசியும், அவற்றை மேய்ந்து வளரும் அபலோனி என்னும் சிப்பியினமுமே இக்குடாநாட்டு மக்களின் செல்வம். முதியவள் ஒரு பாசியை எடுத்து வெந்நீரில் அமிழ்த்தினாள். கண் இமைக்கும் நேரத்திற் பழுப்பு மறைந்து, இளவாழையிலையின் பசுமை தோன்றிற்று. எம் வியப்பைக் கண்டு அவள் வாய்விட்டுச் சிரித்து, ஒரு துண்டை எம்மிடம் நீட்டினாள். உப்பும் இனிப்பும் கலந்த கடலின் சுவை அது.

எம் நண்பர் அவளை ‘ஒபாசான்’ என்றழைத்தார். பாட்டி என்பது அதன் பொருள். எம் வாயில் அது ‘ஆச்சி’ என்றாகும். நாம் எந்நாட்டினர் என அவள் வினவினாள். இலங்கை என்றதும் சற்றே மௌனமானாள். பின்னர், “உங்கள் ஊருக்கும் அது வந்ததல்லவா? தொலைக்காட்சியிற் கண்டோம்” என்றாள். ‘அது’ எதுவென்று அவள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. நண்பர் தலையை மட்டும் அசைத்தார்.

கரைக்குச் செல்லும் வழியைக் கேட்டபோது அவள் இரண்டு புத்திமதிகள் கூறினாள். முதலாவது, வழியிற் கரடி உலாவக்கூடுமாதலாற் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்பது. இரண்டாவது, நிலம் அசைந்தால் எதையும் எடுக்காமல், எவரையும் தேடாமல், உடனே மேலேறி வந்துவிட வேண்டும் என்பது. “எதுவரை ஏறவேண்டும் என்பதைக் கல் சொல்லும்” என்று கூறிவிட்டு, அவள் மீண்டும் தன் பானையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

கல்

ஊரிலிருந்து கரைக்கு இறங்கும் தார்ப்பாதையில், வீடுகள் முடிந்த சிறிது தூரத்தில், அக்கல் நிற்கிறது. மார்பளவு உயரமுள்ள சாதாரணக் கல், பாசி படர்ந்தது, சித்திர வேலைப்பாடு ஒன்றும் இல்லாதது. வேகமாய்ச் செல்லும் வண்டியிலிருப்போர் அதைக் காணாமலே போய்விடலாம். அதில் மேலிருந்து கீழாகச் சில வரிகள் வெட்டப்பட்டுள்ளன. நண்பர் விரலால் தடவி அவற்றின் பொருளைச் சொன்னார்.

உயர்ந்த இடத்து வீடே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நிம்மதி தருவது என்றும், பேரலையின் கொடுமையை மறவாதிருக்க வேண்டும் என்றும், இவ்விடத்துக்குக் கீழே வீடு கட்டலாகாது என்றும் அக்கல் கட்டளையிடுகிறது. தொடர்ந்து, இருமுறை இவ்வூர் முற்றாக அழிந்ததையும், முதன்முறை இருவரும் அடுத்தமுறை நால்வருமே பிழைத்ததையும் அது கூறுகிறது. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும் விழிப்பாயிருங்கள் என்பது அதன் இறுதிச் சொல்.

இவ்வரிகளின் பின்னுள்ள வரலாற்றை வாசகர், குறிப்பாக மாணவர், அறிதல் நன்று. 1896ஆம் ஆண்டு ஆனி மாதம் 15ஆம் நாள் மாலை. சந்திரமானக் கணக்கின்படி அன்று ஆண்பிள்ளைகளின் திருநாள். வீடுகளில் விருந்து நடந்துகொண்டிருந்தது. நிலம் மெல்ல அசைந்தது. அசைவு சிறிதாயிருந்தமையால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சுமார் அரை மணி நேரத்தின் பின் கடல் எழுந்து வந்தது. சன்ரிக்குக் கரையில் அன்றிரவு ஏறத்தாழ 22,000 பேர் மாண்டனர். ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தோர் தம் படகின் கீழே அந்த அலை கடந்து சென்றதை உணரவேயில்லை. விடிந்து துறைக்குத் திரும்பியபோது துறையையும் காணவில்லை, ஊரையும் காணவில்லை. ஆழ்கடலிற் புலப்படாது துறையில் மட்டும் பேருருக் கொள்வதனால் அந்த அலைக்கு யப்பானியர் இட்ட பெயரே சுனாமி. ‘சு’ என்றால் துறை; ‘நாமி’ என்றால் அலை.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. கடலடி நிலம் திடீரென உயர்ந்தோ தாழ்ந்தோ போகும்போது அதன் மேலுள்ள நீர் முழுவதும் அசைகிறது. அவ்வலை ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தில் ஓடும். ஆயினும் அதன் உயரம் மிகச் சிறிது. கரையை அணுகி ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் கூடும். அகன்ற வாயும் ஒடுங்கிய அடியும் உடைய குடாவினுள் அது புகுமாயின், புனலில் ஊற்றிய நீர்போல நெருக்குண்டு மேலும் மேலும் ஏறும். அனேயோசிப் பள்ளத்தாக்கு அத்தகைய புனலே.

பிழைத்த இருவரோடு ஊர் முடிந்துவிடவில்லை. உறவினரும் பிறரும் வந்து சேர்ந்தனர். எங்கே குடியேறினர்? கரையிலேயே குடியேறினர். படகு கரையில், வலை கரையில், பாசி உலர்த்துவதும் கரையில். நாள்தோறும் மலையேறி இறங்க எவருக்குத்தான் மனம் வரும்? முப்பத்தேழு ஆண்டுகள் கடந்தன. 1933ஆம் ஆண்டு பங்குனி மாதம் 3ஆம் நாள், உறைபனி கொட்டும் பின்னிரவில், நிலம் பலமாக அதிர்ந்தது. கடல் மீண்டும் வந்தது. சன்ரிக்குக் கரையில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அனேயோசியில் நால்வரே எஞ்சினர். அவ்வழிவின் பின்னர் இக்கரை நெடுகிலும் நினைவுக் கற்கள் பல நடப்பட்டன. அவற்றுள் ஒன்றே எம் முன்னே நின்ற கல். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீற்றர் உயரத்தில் அது நிற்கிறது. அதன் பின்னர் அவ்வூரார் எவரும் அதற்குக் கீழே குடியேறவில்லை.

கரை

கல்லைக் கடந்து இறங்கினோம். உயர்ந்த சுகி மரங்கள் இருபுறமும் நின்று வெயிலை மறைத்தன. ஒரு நீரோடை பாதையின் அருகே சலசலத்து உடன்வந்தது. சிறிது தூரம் சென்றதும் நண்பர் நின்றார். அதுவரை இருந்த முதிய மரங்கள் அங்கே முடிந்து, அதற்குக் கீழே இளஞ்செடிகளும் புல்லும் புதருமே காணப்பட்டன. கோடு கீறியதுபோல அவ்வேறுபாடு தெரிந்தது.

2011ஆம் ஆண்டு பங்குனி மாதம் 11ஆம் நாள் பிற்பகல் 2.46 மணிக்கு நிகழ்ந்த பெருநடுக்கத்தின் பின், கடல் வந்து நின்ற எல்லை அது. இப்பள்ளத்தாக்கில் நீர் 40.5 மீற்றர் உயரம் வரை ஏறியதென அறிஞர் அளவிட்டுள்ளனர். அப்பேரலை எட்டிய மிகப் பெரிய உயரங்களுள் அதுவும் ஒன்று. நன்கு வளர்ந்த இரண்டு பனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு உயரம். கல்லை அடைய ஏறத்தாழ நூறு மீற்றர் தூரம் இருக்கையில் அது நின்றுவிட்டது. யப்பான் முழுவதிலும் இறந்தோரும் காணாமற்போனோருமாக 18,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்நாளில், அனேயோசியில் ஒரு வீடும் அழியவில்லை. ஆயினும் அன்று ஊருக்கு வெளியே சென்றிருந்த சிலர் திரும்பவேயில்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்லின் காவல் அக்கல் நின்ற இடத்துக்கு மட்டுமே உரியது.

பின்னர் பாதை திரும்பிற்று. கடல் முன்னே விரிந்தது.

அக்கரையை எவ்வாறு வருணிப்போம்! மணல் மிகச் சிறிது. தேங்காயளவும் மாங்காயளவும் உருண்டு தேய்ந்த சாம்பல் நிறக் கற்களே கரை முழுவதும் கிடந்தன. இருபுறமும் மலைகள் நேரே கடலுள் இறங்கின. அவற்றின் அடியிற் கரும்பாறைகள் அலையைப் பிளந்து நுரையாக்கின. பாறை வெடிப்புகளில் வேரூன்றிய பைன் மரங்கள் காற்றினாற் கூனிப்போய் நின்றன. அலை வரும்போது முழக்கம். அது திரும்பும்போது ஆயிரம் கற்கள் ஒன்றோடொன்று உருண்டு கலகலக்கும் ஒலி. அவ்வொலியை நாம் வேறெங்கும் கேட்டதில்லை. உமிநேக்கோ என்னும் கடற்பறவைகள் தலைக்கு மேலே வட்டமிட்டன. அப்பெயருக்குக் ‘கடற்பூனை’ என்று பொருள். அவற்றின் குரலும் பூனையின் குரலே.

ஒரு சிறு படகுத்துறையும், கூடாரமடித்துத் தங்குவோருக்கான ஒரு திடலுமே அங்கு மனிதர் செய்த வேலைகள். மியாக்கோக் கடற்கரையில் முன்தினம் கண்ட கூட்டத்தின் நிழலும் இங்கில்லை. எப்போதாவது நெடுவழி நடப்போர் சிலர் முதுகுப்பையுடன் வருவர். வடக்கே ஹச்சினோஹேயிலிருந்து தெற்கே சோமா வரை, அலையுண்ட கரையோரமாக ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நீளும் நடைவழி ஒன்று 2019ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அது இவ்வழியே செல்கிறது. இங்கிருந்து காட்டினூடே சுமார் ஒரு மணி நேரம் நடந்தால், தொதொகசாக்கி முனையில் 1902ஆம் ஆண்டு முதன்முதலாக ஒளியேற்றப்பட்ட வெளிச்சவீட்டையும் காணலாம். அன்று நாம் அதற்குச் செல்லவில்லை. கரையே எம்மைப் பிடித்து வைத்துக்கொண்டது.

ஒரு பாறையின் மேல் அமர்ந்து, கொண்டுவந்த சோற்றுருண்டைகளைப் பிரித்தோம். நண்பர் அமரவில்லை. கற்கள் தொடங்கும் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சிறிது நேரத்தின் பின் மெல்லிய குரலிற் சொன்னார்:

“அண்ணை, அன்றைக்கு எங்கள் ஊரில் ஒருவருக்கும் சுனாமி என்ற சொல்லே தெரியாது. கடல் வருகிறது, கடல் வருகிறது என்றுதான் கத்தினார்கள். தங்கை பார்ப்பதற்காகக் கரைக்கு ஓடினாள்.”

நாம் என்ன மறுமொழி சொல்வது? 2004ஆம் ஆண்டின் அந்த ஞாயிறு காலையில், சுமாத்திராவின் அருகே நிலம் பிளந்து, அலை எம் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடு அன்று இருக்கவில்லை. கடற்கோள் என்ற சொல் எம் மொழியில் மிகப் பழையது. பழந்தமிழ் நிலம் கடலுள் ஆழ்ந்த கதையைப் பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். ஆயினும் அச்சொல் நூலிலே இருந்தது, கரையிலே இருக்கவில்லை. கரையில் நின்ற அச்சிறுமிக்கு எவரும் அதைச் சொல்லிவைக்கவில்லை.

சன்ரிக்கு மக்களிடையே ‘தென்தென்கோ’ என்றொரு வழக்குண்டு. பேரலை வரும்போது ஒவ்வொருவரும் தனித்தனியே, மற்றவரை எதிர்பாராது ஓடவேண்டும் என்பது அதன் கருத்து. கேட்கும்போது இரக்கமற்றதுபோலத் தோன்றும். ஆனால் அதனுள் ஒரு நம்பிக்கை உண்டு. தாய் ஓடியிருப்பாள் என்று பிள்ளையும், பிள்ளை ஓடியிருப்பான் என்று தாயும் உறுதியாய் நம்பினாற்றான் இருவரும் தப்புவர். இக்கரையின் தெற்கிலுள்ள காமாய்சி நகரில் 2011ஆம் ஆண்டில் பாடசாலைப் பிள்ளைகள் ஏறத்தாழ 3,000 பேருள் மிகப் பெரும்பாலோர் தப்பினர். உனொசுமாய் என்னும் பகுதியில் மூத்த மாணவர் இளையோரின் கையைப் பற்றிக்கொண்டு மேட்டை நோக்கி ஓடினர். நாள்தோறும் சொல்லிப் பழக்கியதன் பயன் அது.

இவற்றை நாம் பேசிக்கொண்டிருக்கையில் நண்பர் தம் காலணிகளைக் கழற்றினார். கற்களின் மேல் தட்டுத் தடுமாறி நடந்து, கடலின் விளிம்பை அடைந்தார். ஓர் அலை வந்து கணுக்காலை நனைத்தது. வடகடலின் நீர் பனிபோற் குளிர்ந்திருக்க வேண்டும். அவர் உடல் சிலிர்த்ததைக் கண்டோம். கற்கள் கலகலத்து உருண்டன. அவர் பின்வாங்கவில்லை. எவ்வளவு நேரம் அவ்வாறு நின்றாரோ அறியோம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் கடலிற் கால் வைத்ததில்லை என்பதை, திரும்பி வந்து கால்களைத் துடைக்கும்போதுதான் சொன்னார்.

ஏற்றம்

மேலேறுதல் இறங்குதலினும் கடினமாயிருந்தது. வெறுங்கையுடன் ஏறிய எமக்கே மூச்சு வாங்கியது. வலையும் மீன்கூடையும் சுமந்து, மழையிலும் பனியிலும் இவ்வழியே ஏறிய தலைமுறைகளை எண்ணிக்கொண்டோம். இப்போது வண்டிகள் உண்டு; முன்னர் கால்களே உண்டு. ஊரை அடைந்தபோது ஆச்சி பாசிகளைக் கயிற்றில் விரித்துக்கொண்டிருந்தாள். “இவ்வளவு தூரம் நாள்தோறும் நடப்பது கால் வலிக்காதா, ஆச்சி?” என்று நண்பர் மூலம் கேட்டோம்.

“வலிக்கும். வலிப்பதற்குக் கால் இருக்கிறதே” என்றாள் அவள்.

அம்மறுமொழியில் எம் கேள்விக்கெல்லாம் விடை இருந்தது. அக்கரை வெறுமையாய்க் கிடப்பது கவனிப்பாரின்மையால் அன்று. அங்கே விடுதி கட்ட இடமுண்டு. வீடு கட்ட இடமுண்டு. காணும் கண்களுக்கு விருந்துமுண்டு. ஒரு சிற்றூரார் தம் முன்னோரின் சொல்லைக் கேட்டு, நாள்தோறும் அதன் விலையைத் தம் கால்களாற் செலுத்தி, அவ்விடத்தைக் கடலுக்கே விட்டுவைத்திருக்கின்றனர். நாம் கண்ட அழகு அவ்வாறு விட்டுக்கொடுத்ததனால் எஞ்சிய அழகு.

எல்லா ஊராரும் இவ்வாறு செய்தாரில்லை, செய்யவும் இயலவில்லை. மியாக்கோ நகரின் வடபகுதியிலுள்ள தாரோ என்னும் ஊர், 1896இலும் 1933இலும் அழிந்த பின்னரும் கரையை விட்டு அகலாது, கடலுக்கெதிரே மதில் எழுப்பிற்று. 10 மீற்றர் உயரமும் சுமார் 2.4 கிலோமீற்றர் நீளமும் கொண்ட அம்மதிலைப் ‘பெருமதில்’ என்றே உலகம் புகழ்ந்தது. 2011இல் கடல் அதையும் தாண்டிற்று; அவ்வூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மதில் கட்டியோரை நாம் குறைகூறவில்லை. பெரிய ஊர் ஒன்றை மலைமேல் ஏற்றுவது எளிதன்று. எம் நாட்டிலும் 2005ஆம் ஆண்டில் கரையிலிருந்து 100 மீற்றருக்கும், வடகிழக்கில் 200 மீற்றருக்கும் உட்பட்ட இடத்தில் வீடு கட்டலாகாது என விதித்து, பின்னர் அதைத் தளர்த்தினர். கடலை நம்பி வாழ்வோரைக் கடலினின்று பிரிப்பது துன்பமான காரியம். அனேயோசியாருக்கு அதை எவரும் சட்டமாக விதிக்கவில்லை. தப்பியவரும் பின்வந்தவரும் தாமே விதித்துக்கொண்டனர். அதனாற்போலும் அது நிலைத்தது.

திரும்பும் புகையிரதத்தில் நண்பர் நெடுநேரம் யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். இருள் சூழ்ந்து, கண்ணாடியில் எம் முகங்களே தெரியத் தொடங்கியபோது அவர் பேசினார்.

“எங்கள் ஊரிலும் நினைவுத்தூண் கட்டியிருக்கிறார்கள், அண்ணை. தங்கையின் பெயரும் அதில் இருக்கிறது. ஆனால் அது இறந்தவர்களைப் பற்றித்தான் சொல்கிறது. இந்தக் கல் இனிப் பிறக்கப்போகிறவர்களோடு பேசுகிறது.”

“அப்படியானால் உங்கள் ஊரிலும் ஒரு கல் நடலாமே” என்றோம்.

“எங்கே நடுவது? எங்கள் ஊரில் மேடே இல்லையே. எல்லாம் சமதரை.”

உண்மைதான். எம் வடகீழ்க் கரையில் மலையேது, பள்ளத்தாக்கேது? மணலும் பனையும் களப்புமாய்க் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மட்டமாய்க் கிடக்கும் நிலம் அது. இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று அங்கே எக்கல்லாற் சொல்லமுடியும்? நாம் விடையின்றி இருந்தோம். வண்டி சுரங்கத்துட் புகுந்து வெளிவந்தது. நண்பர் தம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார், அடித்தார், மீண்டும் எழுதினார். மொரியோக்கா நிலையத்தின் விளக்குகள் தெரியும் வேளையில் அதை எம்மிடம் நீட்டினார். அதில் மூன்று வரிகளே இருந்தன.

‘கடல் இவ்விடம் வரை வந்தது. நிலம் அசைந்தாலும், கடல் வற்றினாலும், பொங்கினாலும் பார்க்க நில்லாதே. இக்கல்லைக் கடந்து, கடலுக்கு எதிர்த்திசையில் ஓடு.’

“பாடசாலைக்குப் போகும் வழியில் நடவேண்டும், அண்ணை. பிள்ளைகள் நாள்தோறும் வாசித்துக்கொண்டு போகட்டும்” என்றார்.

அக்கல்லை எப்போது நடுவார், எவர் துணைநிற்பர் என்பவற்றை இனித்தான் பார்க்க வேண்டும். வரிகள் ஆயத்தமாகிவிட்டன. அனேயோசிக் கரையினின்று நாம் கொண்டுவந்த பொருள் அதுவொன்றே. அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைத்தானும் நாம் எடுத்துவரவில்லை.